பட்டன் கத்தி யாருக்காகப் பிறந்தது?

கேள்வி: பழைய படங்களில் வில்லனின் அடியாள் பையிலிருந்து எடுத்து 'சடக்'கென்று திறப்பாரே, அந்தப் பட்டன் கத்தியை முதலில் செய்தது யார்? ரவுடிகளுக்காகவே செய்தார்களா?
– கோவில்பட்டி வாசகர்

பதில்: இல்லை. நகம் பெயராமல் இருப்பதற்காகச் செய்தார்கள்!

சாதாரண மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை பிடியைப் பிடிக்க, மறு கையின் கட்டைவிரல் நகத்தை அலகிலுள்ள சிறு பள்ளத்தில் மாட்டி இழுக்க வேண்டும். முதுகு ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நகம் போச்சு. ஒரு கையில் ஆட்டுக்குட்டியையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த இரண்டாவது கையே கிடையாது.

ஸ்பிரிங்கால் தானே திறக்கும் கத்திகள் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. ஆனால் அவை கைவேலை. ஒவ்வொன்றையும் தனியாக அரம் போட்டு ராவிப் பொருத்த வேண்டும். அதைத் தொழிற்சாலைச் சரக்காக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஷ்ரேட் என்ற அமெரிக்கர். 1890களின் தொடக்கத்தில் பட்டன் கத்திக்குக் காப்புரிமை வாங்கினார். நியூயார்க் மாநிலத்தில் வால்டன் என்ற ஊரில் 'பிரஸ் பட்டன் நைஃப் கம்பெனி' அதைத் தயாரித்தது. பிறகு 1904இல் சகோதரர்களுடன் சேர்ந்து ஷ்ரேட் கட்லரி கம்பெனியைத் தொடங்கினார். அதோடு நிற்கவில்லை, மனிதர் வாழ்நாள் முழுவதும் இந்தப் பட்டனையேதான் திருத்தித் திருத்திச் செய்துகொண்டிருந்தார்.

அன்றைய விளம்பரங்களைப் பார்த்தால் இன்று நம்புவது கடினம். விவசாயி, மீன்பிடிப்பவர், வேட்டைக்காரர் ஆகியோரோடு வீட்டுப் பெண்களையும் குறிவைத்தே விற்றார்கள். 1920களில் 'ஃப்ளைலாக்' என்ற பட்டன் கத்தி தையல் பெட்டிக்குள் வைக்க ஏற்ற பொருளாகவே விளம்பரமானது. ஒரு கையில் துணி, மறு கையில் கத்தி. கணக்கு சரிதானே?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவமும் இதே காரணத்துக்காகத்தான் இதைக் கையில் எடுத்தது. பாராசூட்டில் குதிப்பவர் மரக்கிளையில் சிக்கிக்கொண்டால் ஒரு கையால் வாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கத்தியைத் திறந்து அறுக்க வேண்டும். அதற்கென்று வந்த 'எம் 2' கத்தியைச் செய்தது ஜார்ஜ் ஷ்ரேட் பெயரில் இயங்கிய கம்பெனிதான். வீரர்களின் சட்டையில் கழுத்துக்குக் கீழே, எந்தக் கையாலும் எட்டும்படி அதற்குத் தனியாக ஒரு ஜிப் பை வைத்துத் தைத்தார்கள். பின்னாளில் விமானப்படைக்கு வந்த 'எம்சி 1' கத்தி பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும். பாராசூட் கயிற்றை அறுக்க ஒரு கொக்கி அலகு, பட்டனை அழுத்தினால் விரிய இன்னொரு அலகு.

கேள்வி: அப்படியானால் இந்தக் கெட்ட பெயர் எப்போது ஒட்டிக்கொண்டது?
– அதே வாசகர்

பதில்: 1950களில். ஒட்டவைத்ததில் பத்திரிகைக்கும் சினிமாவுக்கும் சம பங்கு.

இத்தாலியின் வடகிழக்கில் மனியாகோ என்ற சிறு நகரம். 15ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாயின் நீரோட்டத்தால் சம்மட்டிகளை இயக்கிக் கத்தி அடித்துப் பழகிய ஊர் அது. அங்கே செய்யும் நீளமான, ஒடுங்கிய பட்டன் கத்திகளைப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாக வாங்கிப் போனார்கள். பார்க்க அழகு, விலையும் மலிவு; இறக்குமதி பெருகியது. 1950இல் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை 'கொல்லும் பொம்மை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதிப் பீதியைக் கிளப்பியது. 1955இல் ஜேம்ஸ் டீன் நடித்த 'ரெபல் வித்தவுட் எ காஸ்' படத்தில் இளைஞர்கள் இந்தக் கத்தியோடு மோதிக்கொண்டார்கள்.

1957இல் வந்த '12 ஆங்ரி மென்' படத்தில் கதையே ஒரு பட்டன் கத்தியைச் சுற்றித்தான் நகர்கிறது. இந்தக் கத்தியைப் புரிந்துகொண்டு எழுதிய படம் என்று நான் சொல்வது அது ஒன்றைத்தான். இந்த வகைக் கத்தியைப் பழகியவன் கீழிருந்து மேல்நோக்கித்தான் குத்துவான், மேலிருந்து கீழ்நோக்கி அல்ல என்று ஒரு ஜூரி சொல்லும் இடத்தில் வழக்கே திசை மாறும். பட்டனில் கட்டைவிரல் இருக்கும்போது பிடி எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள்.

1958இல் அமெரிக்க நாடாளுமன்றம் மாநிலங்களுக்கிடையே பட்டன் கத்தி வியாபாரத்தைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் தடை போட்டது. சமையலறைக் கத்தியை விட்டுவிட்டார்கள், ஒன்றரை அடி வேட்டைக் கத்தியை விட்டுவிட்டார்கள். மூன்று அங்குல அலகாக இருந்தாலும் பட்டனால் திறந்தால் குற்றம். அலகு வெட்டுவதைவிட அது திறக்கும் சத்தம்தான் சட்டம் போட்டவர்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு எழுதியிருக்கிறார்கள்: ஒரு கை மட்டுமே உள்ளவர், 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள பட்டன் கத்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரியில் மட்டும் ஷ்ரேட் செய்த கத்தி உயிரோடு இருக்கிறது.

கேள்வி: என் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த இத்தாலியப் பட்டன் கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. கொம்புப் பிடி, நீண்ட அலகு. நல்ல கத்திதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது வருகிறவற்றோடு ஒப்பிட்டால் எப்படி?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: எல்லோரும் அலகைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் பூட்டைப் பாருங்கள். வேகமாகத் திறப்பது பெரிய வித்தை இல்லை, ஐம்பது ரூபாய் விளையாட்டுச் சாமானும் திறக்கும். திறந்த பிறகு ஆடாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. அலகைத் திறந்து, கூர்ப்பக்கம் விரல் படாமல், இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஆணி தேய்ந்திருக்கிறது, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அடுத்து, மடக்கும் திசையில் முதுகைக் கொஞ்சம் அழுத்துங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் தேய்ந்திருப்பது பூட்டு. அந்தக் கத்தியால் எதையும் அறுக்காதீர்கள். பூட்டு நழுவி அலகு மடங்கினால் நடுவில் இருப்பது உங்கள் விரல்.

இனி, அதை மடக்குவது எப்படி என்று பாருங்கள். பிடியின் தலைப்பக்கத்து உலோகக் குமிழை லேசாகச் சாய்த்தால் மடங்குகிறது என்றால் அது பிற்கால அமைப்பு. முதுகில் ஒரு சிறு நாக்கை நகத்தால் தூக்கினால்தான் மடங்கும் என்றால் அது பழைய வகை. சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான். நகத்தைக் காப்பாற்றப் பிறந்த சாமானை மடக்க நகம் தேவைப்படுகிறது! இத்தாலியர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஸ்பிரிங்: உங்கள் கத்தியின் பிடிக்குள் இருப்பது தட்டையான பட்டை ஸ்பிரிங். திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து ஒருநாள் அங்கேயே முறியும். இன்றைய கத்திகளில் அலகின் ஆணியைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் இருக்கும். விசை கம்பியின் நீளம் முழுவதும் பரவுவதால் ஆயுள் அதிகம். மடக்கியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நல்ல எஃகாக இருந்தால் அப்படி எளிதில் தளராது. ஸ்பிரிங்கைக் கொல்வது அழுத்தம் அல்ல, எண்ணிக்கை. டிவி பார்த்துக்கொண்டே சடக் சடக்கென்று திறந்து மூடுகிறவர்தான் அதன் எமன்.

பிடி: கொம்பு என்கிறீர்கள். உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள். சூடம் மணத்தால் அது கொம்பு இல்லை, செல்லுலாய்டு. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் கலந்து செய்கிற பழைய பிளாஸ்டிக் அது. சூட்டு ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும். செல்லுலாய்டு வயதானால் தானாகச் சிதைந்து அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் அந்த ஆவியே அலகைத் துருப்பிடிக்க வைத்துவிடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உண்மையான கொம்பாக இருந்தால் பூச்சி அரிக்காமலும் வெடிக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்று நல்ல கம்பெனிகள் பிடிக்கு விமானத் தொழிலில் பயன்படும் அலுமினியக் கலவையைத்தான் அதிகம் போடுகின்றன. எடை எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மேற்பரப்பை மின்சாரத்தால் அனோடைஸ் செய்வார்கள். அப்போது உருவாகும் அலுமினிய ஆக்சைடு, சாணைக்கல்லில் இருக்கும் குருந்தத்தின் அதே சேர்மம். அதனால் மேலே எளிதில் கீறல் விழாது. ஆனால் அந்தத் தோலுக்கு அடியில் இருப்பது மிருதுவான அலுமினியம்தான். பட்டன் ஏறி இறங்கும் துளை நாளடைவில் அகன்றுபோனால் பூட்டில் ஆட்டம் வரும். புதுக் கத்தி வாங்குகிறவர் பிடியின் பளபளப்பைவிட அந்தத் துளையின் கச்சிதத்தைக் கவனிக்க வேண்டும்.

பட்டனும் வெறும் பட்டன் அல்ல. ஒரு பக்கம் வெட்டி எடுத்த எஃகு உருளை. அலகின் அடிப்பாகத்தில் திறந்த நிலைக்கு ஒரு பள்ளம், மூடிய நிலைக்கு ஒரு பள்ளம். உருளை பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்வரை அலகு நகராது. அழுத்தினால் வெட்டிய பகுதி நேராக வந்து வழிவிடும். திறப்பதும் பூட்டுவதும் ஒரே துண்டு.

அலகு: கடைசியில் இதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கத்தியின் பலவீனம் இங்கேதான். துருப்பிடிக்காத எஃகைப் பிரபலமாக்கியவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி, ஆண்டு 1913. துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க வழி தேடியபோது கிடைத்தது. முதலில் கத்தி செய்து பார்த்தவர்களுக்கு அதன் பதம் பிடிபடவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே அவரைக் கேலி செய்தது. சிக்கல் இதுதான்: குரோமியம் துருவைத் தடுக்கும், கடினம் தருவது கார்பன். மலிவான '420' எஃகில் கார்பன் குறைவு. எளிதில் துருப்பிடிக்காது, சாணை பிடிப்பதும் சுலபம், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். அந்தக் கால இத்தாலியக் கத்திகளில் பெரும்பாலும் இந்த இனம்தான். '440சி'யில் கார்பன் சுமார் 1 சதவீதம், நல்ல முன்னேற்றம். '154சிஎம்' ஜெட் எஞ்சின் பேரிங்குகளுக்காக வந்த எஃகு. 1970களில் பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் அதைக் கத்திக்குக் கொண்டுவந்தார். 2001இல் வந்த 'எஸ்30வி' கத்திக்காகவே வடிவமைத்தது. உருக்கிய எஃகைப் பொடியாகத் தூவி, மறுபடி வெப்பத்திலும் அழுத்தத்திலும் கெட்டியாக்குகிறார்கள். அதில் வனேடியம் 4 சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும், சாதாரணக் கல்லில் தீட்டப்போனால் கை ஓய்ந்துவிடும்.

உங்கள் கத்தியின் அலகு வடிவமும் அறுப்பதற்கு உதவாது. ஒடுங்கி நீண்டிருப்பதால் கூர்ப்பக்கம் மெலிந்து இறங்க இடமில்லை. தக்காளியை நறுக்கினால் நசுங்கும். ஆகவே என் தீர்ப்பு: பொருளாக அருமை, கருவியாகச் சுமார். மாமாவின் ஞாபகமாக, எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள்.

கேள்வி: பக்கவாட்டில் விரியாமல் நேராக முன்பக்கம் சீறிவரும் கத்தி சுவரையே துளைக்கும் என்கிறார்களே?
– சேலம் வாசகர்

பதில்: அட்டைப்பெட்டியின் மேல் வைத்து அழுத்தினாலே பல கத்திகள் பாதியில் நின்றுவிடும். கட்டைவிரலால் தள்ளும்போது ஸ்பிரிங் இழுபடுகிறது. குறிப்பிட்ட இடத்தில் பிடி விட்டதும் அலகு கொஞ்ச தூரம் தன் வேகத்திலேயே ஓடி, கடைசியில் பூட்டிக்கொள்கிறது. வழியில் எது தடுத்தாலும் தடம் புரண்டு தொங்கும். கையால் இழுத்துத்தான் மறுபடி பூட்ட வேண்டும். பொறியியலில் பிரமாதமான வேலை. ஆனால் அலகு ஓடுவதற்கு இடைவெளி விட்டாக வேண்டும் என்பதால், எவ்வளவு விலை கொடுத்தாலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தே தீரும். உள்ளே பஞ்சும் மண்ணும் போனால் அதோகதி.

கேள்வி: நம் நாட்டில் பட்டன் கத்தி வைத்திருக்கலாமா? ராம்பூரி என்பதும் இதுதானா?
– திருச்சி வாசகர்

பதில்: இரண்டையும் ஒன்று என்று சொல்ல முடியாது. ராம்பூரி, உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நகரத்து மடக்குக் கத்தி. நவாப் காலத்துக் கைத்தொழில். இந்திப் படங்கள் அதை இந்தியா முழுக்கப் பிரபலமாக்கின. அதில் பட்டன் வைத்ததும் உண்டு, பல்சக்கரம் போலக் 'கடகட'வென்று ஒலித்துத் திறப்பதும் உண்டு.

ஆயுதச் சட்டம் 1959இன் கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், தொழில் இவற்றுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் கெடுபிடி இன்னும் அதிகம். அங்கே அரசு அறிவிக்கை பட்டன் கத்தியையும் பல்சக்கரக் கத்தியையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. டெல்லி நீதிமன்றங்களில் இப்படிப்பட்ட வழக்குகளில் போலீஸ் முதலில் செய்வது, பிடித்த கத்தியைத் தாளில் வைத்துக் கோடிழுத்து, அளவெடுத்துப் பதிவு செய்வதுதான்.