ஒளிந்து புகும் ஆட்டமும் அதனை ஆடினோர் தீர்ப்பும்

ஒரு நூலையோ விளையாட்டையோ மதிப்பிடுங்கால், அதன் குணதோஷங்களோடு, அஃது எத்தகையோர் கையில் எந்நிலையிற் போய்ச் சேர்ந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவ்வுண்மைக்குப் ‘புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.’ என்னும் வீடியோ விளையாட்டு ஏற்றதோர் உதாரணமாம்.

நார்வே தேசத்து இன்னர்லூப் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் இயற்றிய இதனை, ஐடாஸ் இன்டராக்டிவ் நிறுவனத்தார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டேவிட் ஜோன்ஸ் என்னும் வீரன் தனியனாய்ப் பகைவர் பாசறைகளுட் புகுந்து, இட்ட பணியை முடித்து மீளுதலே கதை. கட்டங்கள் 14. பைனாகுலரால் காவலர் நடமாட்டத்தை நோக்கி, காமிராக்களின் பார்வைக்குத் தப்பி, அபாயமணி ஒலியாவண்ணம் செல்லுதலே ஆடுவோன் சாமர்த்தியம். ஆயினும் துப்பாக்கிப் போருக்கும் குறைவில்லை.

விமர்சகர் பலர் இதன் பரந்த நிலக்காட்சியையும், துப்பாக்கிகளின் மெய்போன்ற ஓசையையும் புகழ்ந்தனர். ஆயினும் மூன்று குறைகளை எடுத்துரைத்தனர். முதலாவது, கட்டத்தின் நடுவே ஆட்டத்தைச் சேமித்து வைக்க இயலாது. இரண்டாவது, காவலர் மந்தமதியினர். மூன்றாவது, பலர் கூடி ஆடும் வசதியில்லை.

இனி எம்மூர்ச் செய்தியைக் கூறுவோம். திருவள்ளூர் ஜில்லா ஆரணியில், எம் தோழர் பலருடைய தந்தையர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்த்தனர். வீட்டிற் கம்ப்யூட்டர் இருந்தது சிலர்க்கே. ஆகவே மணிக் கணக்கிற் காசு கொடுத்து, பிரௌசிங் சென்டரில் யாம் ஆடினோம். அங்கிருந்த பழைய இயந்திரத்திலும் இவ்வாட்டம் ஓடியது; இன்டர்நெட்டும் வேண்டியதில்லை. ஒருவன் விசைப்பலகையிற் கைவைக்க, நால்வர் பின்னின்று, “காமிரா திரும்புகிறதடா, நில்!” என்று எச்சரிப்பர். இவ்வாறு ஒருவர்க்கென ஆக்கியது ஐவர் ஆட்டமாயிற்று. மூன்றாங் குறை எமக்குத் தோன்றவேயில்லை.

முதற் குறையோ எம்மைப் பெரிதும் வருத்தியது. 2012-ஆம் ஆண்டில் மின்வெட்டு மிகுந்திருந்ததை அன்பர்கள் அறிவர். நாற்பது நிமிஷம் ஊர்ந்தும் பதுங்கியும் கட்டத்தின் இறுதியை அணுகியபொழுது, மின்சாரம் நின்றுபோம். காசும் போயிற்று, உழைப்பும் போயிற்று; மறுநாள் முதலிலிருந்தே தொடங்கினோம். அங்ஙனம் தொடங்கித் தொடங்கியே ஒவ்வொரு காவலன் வழியும் எமக்கு மனப்பாடமாயிற்று.

இதனால் அக்குறை குணமாயிற்றோ எனின், அன்று. பொறுமை எம்முடையது, குறை ஆட்டத்தினுடையது. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், கட்டத்தின் நடுவே அளவோடு சேமிக்கும் வசதியும், பலர் கூடி ஆடும் வகையும் சேர்க்கப்பட்டன. விமர்சகர் கூற்று வீணன்று என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாங் குறையைப் பற்றி உண்மையை ஒப்புக்கொள்வோம். காவலர் மந்தராதலின், சுவரோரம் நின்று, வருவோரை ஒவ்வொருவராய்ச் சுட்டு வீழ்த்தலாம் என்பதை யாம் விரைவிற் கண்டுகொண்டோம். அதன்பின் ஒளிந்து செல்லும் கலையைப் பேணினோர் சிலரே. குறுக்குவழி திறந்திருப்பின் நேர்வழியை நாடுவோர் அரியர் அன்றோ?

மாணவ நண்பர்களே, எதனை மதிப்பிடினும், அதன்கண் உள்ளதையும், அதனிடத்து நாம் கொண்டுசென்றதையும் வேறு வேறாக எண்ணிக் காண்மின். அன்பினாற் குறையை மறைத்தல் நடுநிலையாகாது. குறை கண்டு அன்பை மறுத்தலும் நடுநிலையாகாது. ஐவர் கூடி நின்ற அவ்வொரு திரையை யாம் இன்றும் நினைந்து மகிழ்கின்றோம். அவ்வாட்டத்தின் குறைகளையும் மறந்திலோம்.