நீண்ட நேரப் பளு சோதனையில் சர்வர் தளர்வது ஏன்?

பல்லாயிரம் பேருடைய கோரிக்கைகளுக்கு ஒரே சமயத்தில் விடையளிக்கும் கம்ப்யூட்டரைச் சர்வர் என்கிறோம். அது எவ்வளவு வேலையைத் தாங்கும் என்பதை அறிய, மற்றொரு கம்ப்யூட்டரிலிருந்து செயற்கையான கோரிக்கைகளை அனுப்பிப் பார்ப்பது பளு சோதனை எனப்படும். ரயில்வேயின் தத்கால் முன்பதிவு தொடங்கும் கணத்தில் வந்து மோதும் கூட்டத்தைப் போன்ற பளுவை ஏற்றிப் பார்ப்பது ஒரு வகை. அதன் முடிவு சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். மிதமான பளுவைப் பல மணி நேரமோ, பல நாட்களோ இடையறாது சுமத்தி வைப்பது மற்றொரு வகை. இங்கு நாம் ஆராயப் போவது இரண்டாவது வகையையே.

சிறுகச் சிறுகச் சேரும் பிழை குறுகிய சோதனையில் புலப்படாது. இதற்குத் துயரமானதோர் உதாரணம் உண்டு. அது சர்வர் அன்று. எனினும் நோய் ஒன்றே. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தாஹ்ரானிலிருந்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பின் கம்ப்யூட்டர், காலத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்குகளாக எண்ணி வந்தது. பத்தில் ஒன்று என்னும் பின்னம் இரும எண்முறையில் முடிவு பெறாதது. அதை 24 பிட்டுகளுக்குள் வெட்டி அடக்கியதால் நேர்ந்த நுண்ணிய பிழை, 100 மணி நேரம் நிறுத்தாமல் இயங்கிய பின் ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடியாக வளர்ந்துவிட்டது. பிப்ரவரி 25-ஆம் தேதி வந்த ஸ்கட் ஏவுகணையை அமைப்பு தவறான இடத்தில் தேடிற்று; 28 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர். திருத்திய புரோகிராம் மறுநாள்தான் அங்குப் போய்ச் சேர்ந்தது. நெடுநேரம் இயக்கினால் பிழை நேரக்கூடும் என்ற எச்சரிக்கை சில நாட்களுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் எத்தனை மணி நேரம் இயக்கினால் அது நெடுநேரமாகும் என்று அதில் குறிக்கப்படவில்லை. அந்த எண்ணைக் கண்டறிவதற்காகவே நீண்ட சோதனை வேண்டியிருக்கிறது.

சோதனையின் நடுவே வேகம் குறைந்தால் சர்வரையே குற்றம் சாட்டுவது வழக்கம். பளுவை அனுப்பும் கம்ப்யூட்டரை முதலில் ஐயுறுவதே முறை. லினக்ஸில் இயங்கும் அத்தகைய கம்ப்யூட்டர், தான் தொடங்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு போர்ட் எண்ணைச் செலவிடுகிறது. வழக்கமான அமைப்பில் இவ்வெண்கள் 32768 முதல் 60999 வரை, அதாவது 28232 மட்டுமே. இணைப்பை அதுவே மூடினால், அந்த எண் 60 விநாடி ஓய்வில் வைக்கப்படும். ஆகவே ஒரே சர்வரின் ஒரே போர்ட்டுக்கு விநாடிக்குச் சுமார் 470 புதிய இணைப்புகளுக்கு மேல் தொடர்ந்து அனுப்ப இயலாது. 600 வீதம் அனுப்பினால் 47-ஆவது விநாடியிலேயே தடை ஏற்படும். திறந்த இணைப்பை மூடாமல் மீண்டும் மீண்டும் உபயோகிப்பதே இதற்குப் பரிகாரம்.

அளக்கும் முறையிலும் ஒரு வஞ்சகம் ஒளிந்துள்ளது. விநாடிக்கு ஒரு கோரிக்கை வீதம் ஒரு மணி நேரம் அனுப்புவதாகக் கொள்வோம். இடையில் சர்வர் 60 விநாடி உறைந்து நின்றுவிடுகிறது. முந்தைய விடை வந்த பின்பே அடுத்ததை அனுப்பும் சோதனைப் புரோகிராம், அந்நேரம் முழுவதும் தானும் வாளாவிருந்து, 60 விநாடித் தாமதம் ஒன்றை மட்டும் பதிந்துகொள்ளும். இதனால் சராசரித் தாமதம் 17 மில்லி விநாடியே உயரும். உண்மையான உலகில் மக்கள் அவ்வாறு பொறுத்திருந்து வருவதில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் 60 பேர் வந்திருப்பர். முதலாமவர் 60 விநாடியும், அடுத்தவர் 59 விநாடியுமாக அனைவரும் காத்திருந்திருப்பர். கூட்டினால் 1830 விநாடி. 3600 கோரிக்கைகளுக்குப் பங்கிட்டால் அரை விநாடிக்கும் மேல். முப்பது மடங்கு வேறுபாடு! எனவே கோரிக்கைகளைக் கடிகாரப்படி அனுப்பி, அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து தாமதத்தைக் கணக்கிட வேண்டும்.

இவ்விரண்டையும் சரிபார்த்த பின்னும் தளர்ச்சி நீடித்தால், வரைபடத்தில் அது எந்நேரத்தில், எவ்வடிவில் தோன்றுகிறது என்று நோக்க வேண்டும். ஜாவா மொழியில் எழுதிய புரோகிராமின் நினைவக அளவு ரம்பப் பற்களைப் போல் ஏறி இறங்குவது இயல்பே. வேண்டாதவற்றை அது அவ்வப்போது களைகிறது. பற்களின் உச்சியைப் பார்த்து அஞ்சுவோர் பலர். பார்க்க வேண்டியது அடியை. முழுத் துப்புரவுக்குப் பின் எஞ்சும் அளவு மணிக்கு மணி உயர்ந்து வருமாயின், எதுவோ விடுவிக்கப்படாமல் சேர்கிறது என்பது உறுதி. வரம்பின்றி வளரும் தற்காலிகச் சேமிப்பு இதற்குப் பெரும்பான்மையான காரணம்.

சரிவு மெல்ல வராமல், படியிலிருந்து விழுந்தாற்போல் நேருமாயின், நினைவகத்தை விட்டு, தீர்ந்துபோகக் கூடிய ஏதேனும் கையிருப்பைத் தேட வேண்டும். வாடகைக்குப் பெறும் வட்டுகளில் இது மிகுதி. அமேசானின் ஜிபி-2 வகையில் 100 ஜிகாபைட் வட்டின் நிலையான உரிமை விநாடிக்கு 300 செயல்களே. ஆயினும் 54 லட்சம் செயல்கள் முன்பணம்போல் வரவு வைக்கப்பட்டிருப்பதால் 3000 வரை ஓடும். விநாடிக்கு 2700 வீதம் கையிருப்பு கரைய, 2000 விநாடியில், அதாவது 33 நிமிஷங்களில் அது தீர்ந்து, வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். அரை மணி நேரச் சோதனை செய்தவர் இதைக் காணவே மாட்டார்!

குறித்த இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் வரும் தாமதத்துக்குக் காப்புப் பிரதி எடுத்தல் போன்ற காலமுறை வேலைகள் காரணமாகலாம். அவற்றின் அட்டவணையோடு ஒப்பிட்டாலே விளங்கிவிடும்.

தளர்ந்த சர்வரை உடனே நிறுத்தி மீண்டும் தொடக்குவோர் உண்டு. வேகம் திரும்பும், தடயம் அழியும். சோதனை தொடங்கிய ஒரு மணி நேரத்தில் ஒன்றும், தளர்ச்சி தோன்றியபின் ஒன்றுமாக நினைவகத்தின் பிரதியை எடுத்து வைத்து, எவ்வகைப் பொருள் எண்ணிக்கையில் பெருகியுள்ளது என்று ஒப்பிட்ட பின்னரே சர்வரை நிறுத்தலாம். பிரதி எடுக்கும்போது சர்வர் சில விநாடிகள் உறையக் கூடுமாதலால், அந்நேரத்தைக் குறித்து வைத்து, அதன் அளவுகளைக் கணக்கினின்று நீக்கிவிட வேண்டும்.