ஐயர் பதில்கள்: கப்பல் கிடைத்ததனால் மட்டும்

கேள்வி: என் ஒரே மகனுக்கு வளைகுடா நாட்டில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் ஒரே மாதத்தில் கைகூடின. அவன் தகப்பனாரோ பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். வாசல் இவ்வளவு இலகுவாய்த் திறந்திருக்கிறதே, இது தேவசித்தந்தானே?
— ஒரு தாயார், சாயர்புரம்

பதில்: அம்மா, நினிவேக்குப் போ என்ற கட்டளைக்குத் தப்பி யோனா யோப்பா பட்டணத்துக்கு வந்து சேர்ந்தபோது, தர்ஷீசுக்குப் போகிற கப்பல் துறைமுகத்தில் ஆயத்தமாய் நின்றது, கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. தடையின்மையே சித்தத்துக்கு அத்தாட்சியென்றால், அந்தத் தீர்க்கதரிசியின் ஓட்டத்தையும் நாம் தேவசித்தமென்றே சொல்லவேண்டியிருக்கும். அதற்கு மாறாக, பவுல் அப்போஸ்தலன் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்ட நல்ல பிரயாணத்திலேயே ஆசியாவிலும் பித்தினியாவிலும் வழி அடைபட்டு, துரோவாவில் வந்து நின்ற பிறகுதான் மக்கெதோனியாவுக்கு அழைப்புப் பெற்றார். ஆகவே திறந்த கதவை மாத்திரமோ, அடைபட்ட கதவை மாத்திரமோ பார்த்துத் தீர்மானிக்கிற வழக்கத்தை நம் சபையார் விட்டொழிக்க வேண்டுமென்று நான் எத்தனையோ பிரசங்கங்களில் மன்றாடியிருக்கிறேன்.

ஒரு வாலிபன் ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, தேவசித்தம் அறிய ஜெபிக்கும்படி கேட்டான். கையிலிருந்த உறையில் விலாசம் எழுதித் தபால்தலையும் ஒட்டியிருந்தது. “சித்தமில்லையென்று தெரிந்தால் இதைக் கிழித்துப்போடுவாயா, தம்பி?” என்றேன். அவன் பதில் சொல்லாமல் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நாம் எழுதி முடித்த விண்ணப்பத்தின் அடியில் கையொப்பமிடும்படி ஆண்டவரிடம் நீட்டுவதை ஜெபமென்று எண்ணிக்கொள்ளுகிறோமே, இதுதான் என் நெஞ்சை வருத்துகிற காரியம். கெத்செமனேயில் நம்முடைய கர்த்தர் தமது விருப்பத்தை மறைக்கவில்லை. பாத்திரம் நீங்கவேண்டுமென்று வாய்விட்டே கேட்டார். கேட்டபின் அதைப் பிதாவின் கையில் விட்டுவிட்டார். விருப்பம் இருப்பது பாவமல்ல. அதை விடமாட்டேனென்று பிடித்திருப்பதே பாவம்.

தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது ஏற்கெனவே வெளிப்படுத்தப்பட்ட சித்தமாகையால், அதற்கு அடையாளம் தேட வேண்டியதில்லை. இரவில் தகப்பனாரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார், மருந்து கொடுப்பது யார் என்று மகன் முதலில் பதில் சொல்லட்டும். அதற்குப் பின்பு விசாவைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: பெண் பார்க்கும் விஷயத்தில் வாக்குத்தத்த அட்டை எடுத்துத் தீர்மானிக்கலாமா?
— ஒரு வாசகர், நாசரேத்

பதில்: கூடாது. பெண் வீட்டுக்குப் போய் அவள் மனதைக் கேளுங்கள்.

கேள்வி: முழுவதும் ஒப்புக்கொடுத்தால், எனக்குச் சற்றும் பிடிக்காத வேலையைத்தான் ஆண்டவர் தருவாரோ என்று பயமாயிருக்கிறது.
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பயப்படாதே, மகளே. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாருக்கும் மிஷனெரி ஊழியம் பிடிக்கவில்லை. தாயாரின் சுகவீனத்துக்காகத் திண்டிவனத்துக்கு வந்தவர், சீக்கிரம் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடவே எண்ணியிருந்தார். ஒரே இரவில் மூன்று புருஷர், ஒருவர் பிராமணர், ஒருவர் முகமதியர், மற்றொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர், பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டு வந்து, ஆண் வைத்தியரான அவருடைய தகப்பனாரை அழைத்துப்போக மனமில்லாமல் திரும்பினார்கள். விடிந்தபோது அந்த மூன்று மனைவிகளும் இறந்துபோன செய்தி வந்தது. அதனால் மனம் மாறிய ஐடா அம்மையார் 1899-இல் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் தொடங்கினார். பிடிக்காத வேலையில் நிர்ப்பந்தமாய்த் தள்ளப்பட்டவர் இப்படி ஆயுசு முழுவதும் உழைப்பாரா? ஆண்டவர் வேலையை மட்டும் கொடுக்கிறவரல்ல, அதற்கேற்ற மனதையும் கொடுக்கிறவர்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சிற்றாலயம் கட்ட வேண்டுமென்பது என் வெகுநாளைய வாஞ்சை. தடைமேல் தடை வருகிறது. நல்ல காரியத்துக்கும் ஆண்டவர் வேண்டாமென்பாரா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மெஞ்ஞானபுரம்

பதில்: சொல்லுவார், ஐயா. ஆலயம் கட்ட தாவீது ராஜா விரும்பினபோது நாத்தான் தீர்க்கதரிசியே முதலில் சம்மதித்தார். அன்று இரவே கர்த்தர் மறுத்துவிட்டார். தாவீது முறுமுறுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. பொன்னும் வெள்ளியும் கேதுருமரங்களும் ஏராளமாய்ச் சேர்த்து, கல்வெட்டுகிற வேலைக்காரரையும் ஏற்படுத்தி, எல்லாவற்றையும் மகன் சாலொமோனிடம் ஒப்புவித்தார். அந்த ஆலயத்தை அவர் கண்ணால் காணவில்லை. அவர் சேர்த்துவைத்த பொன்னும் வெள்ளியும் அதின் பொக்கிஷசாலையில் வைக்கப்பட்டன.