பிக்கப் வேனுக்கு ஏற்ற டயர் எது?

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக மாட்டு வண்டியை மட்டுமே நம்பியிருந்த காலம் மாறிவிட்டது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும், சிதம்பரம் வட்டாரத்து நெல்லும் இன்று பெரும்பாலும் பிக்கப் வேனிலும், 'குட்டியானை' என்று நாம் அழைக்கும் சிறிய சரக்கு வண்டியிலும்தான் போகின்றன. சொந்தமாகவோ, இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ இத்தகைய வண்டி வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு டயர் மாற்றும் செலவு ஒரு பெருஞ்செலவு. ஒரு பருவத்தில் வாடகையில் மிச்சம் பிடித்ததை நான்கு டயர்கள் விழுங்கிவிடும்.

கடைக்குப் போனால், முரட்டுப் பட்டன்கள் கொண்ட 'ஏ.டி. டயர்' என்ற ஒன்றைக் காட்டுகிறார்கள். எல்லாத் தரைக்கும் ஏற்ற டயர் என்பது அதன் பொருள். சேறு, சரளை, மணல் எதிலும் போகும் என்கிறார்கள். விலையும் கூடுதல். இதை வாங்கலாமா, கூடாதா? தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முதலில் பாரம், அடுத்துப் பாதை, அதன் பிறகே பட்டன். இந்த வரிசையில் பார்த்தால் பணமும் வீணாகாது, உயிருக்கும் ஆபத்து வராது.

பாரம் தாங்குமா?

டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். '195 ஆர் 15 எல்.டி. 106/104' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 195 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 'எல்.டி.' என்பது இலகு சரக்கு வண்டிக்கான டயர் என்பதற்கு அடையாளம். இந்த எழுத்துகள் இல்லாத கார் டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று சரக்கு வண்டிக்குப் போடக் கூடாது.

106 என்பது பாரக் குறியீடு. ஒரு சக்கரத்துக்கு ஒரு டயர் என்றால் 950 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். அடுத்துள்ள 104, பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு. டயர் ஒன்றுக்கு 900 கிலோ.

இதைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து தாங்குவது 1,900 கிலோ. வண்டியின் சொந்த எடையில் 700 கிலோ பின்பக்கம் விழுவதாகக் கொள்வோம். மேலே 40 கிலோ நெல் மூட்டைகள் 30 ஏற்றினால் 1,200 கிலோ. அது முழுவதும் பின்பக்கமே விழுந்தால் டயரின் எல்லை அதோடு முடிந்தது. 'ஒரே நடையில் முடிந்துவிடும்' என்று இன்னும் பத்து மூட்டை போட்டால் 400 கிலோ கூடுதல் பாரம். டயர் சூடேறி வெடிப்பது இப்படித்தான். நெடுஞ்சாலையில் ஓடும்போது பின் டயர் வெடித்தால் வண்டி நிலைகுலைந்து கவிழவும் கூடும்.

எடைமேடையில் வண்டி முழுவதையும் ஒரு தடவையும், பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி ஒரு தடவையும் எடை பார்த்துக்கொண்டால் பின்பக்கப் பாரம் துல்லியமாகத் தெரியும். டயர் எவ்வளவு தாங்கினாலும், பதிவுச் சான்றில் குறித்துள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. கனமான டயர் போட்டால் அச்சும் பிரேக்கும் பலமாகிவிடுவதில்லை.

பட்டன் வகைகள்

சாலை டயரில் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். நீளவாக்கில் கோடுகள் ஓடும். தார்ச்சாலையில் சத்தமின்றி ஓடும், மெதுவாகத் தேயும், டீசலும் குறைவாகச் செலவாகும். சேற்றில் இறங்கினால் கோடுகளில் மண் அடைத்துக்கொண்டு மொட்டை டயர் போலாகிவிடும்.

சேற்று டயர் இதற்கு நேர்மாறானது. பட்டன்கள் பெரியவை, இடைவெளி அகலமானவை. சக்கரம் சுழலும்போது மண்ணை வெளியே எறிந்துவிடும். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சலும் அதிர்வும் அதிகம். விரைவில் தேயும். மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகும்.

ஏ.டி. டயர் இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது. சரளை, மண்பாதை, இலேசான சேறு ஆகியவற்றைச் சமாளிக்கும். கல் வெட்டுகளைச் சாலை டயரைவிட நன்கு தாங்கும். ஆனால் எடையும் உருளும் தடையும் கூடுதலாவதால் டீசல் சற்று அதிகம் ஆகும்.

இந்த டயர்கள் சிலவற்றில் மலைச் சிகரமும் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கும். அது பனி பெய்யும் நாடுகளுக்கானது. அதற்காக நாம் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

நம் மண்ணுக்கு எது?

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண், சரளைப் பூமியில் பாதை இறுகியது. ஆனால் கல்லும், வெட்டிய மரங்களின் கட்டைகளும் டயரைக் கிழிக்கும். முந்திரித் தோப்புக்குள் நாள்தோறும் போய்வரும் வண்டிக்கு ஏ.டி. டயர் தகும். பக்கச் சுவர் கனமாக உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடலூர் முதல் பரங்கிப்பேட்டை வரை கடலோரம் மணற்பாங்கு. மணலில் பட்டனைவிட டயர் தரையில் படியும் பரப்பே முக்கியம். இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கர வண்டி தரையைப் பிளந்துகொண்டு இறங்கிய இடத்தில், டயர் வண்டி மிதந்தாற்போல் சென்றதை அறிவோம். காரணம் இதுவே. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் இருக்கிறது என்றால், 50 பவுண்டு காற்றில் அது ஏறத்தாழ 140 சதுர சென்டி மீட்டர் பரப்பில் தரையை அழுத்தும். 35 பவுண்டு காற்றில் 200 சதுர சென்டி மீட்டராகப் பரவும். ஆகவே வெறும் வண்டி மணலில் சிக்கினால் காற்றைக் கொஞ்சம் இறக்கி மெதுவாக வெளியே எடுக்கலாம். தார்ச்சாலை ஏறியதும் உடனே காற்றடித்துவிட வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியில் இதைச் செய்யக் கூடாது. ட்யூப் இல்லாத டயர் வளையத்தைவிட்டுக் கழன்றுவிடக்கூடும்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், குமராட்சி, புவனகிரி பகுதிகள் கொள்ளிட, வீராணப் பாசனத்து வயல்வெளிகள். இங்கே மண் களி. நனைந்த களி அப்பிக்கொள்ளும் தன்மையுள்ளது, ஏ.டி. டயரின் இடைவெளிகளையும் அடைத்துவிடும். உழவுக்குச் சேற்றில் இறக்கும் டிராக்டருக்கே கேஜ் வீல் மாட்டுகிறோம். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் பிக்கப் வேன், எந்த டயர் போட்டாலும், ஈரக் களி வயலுக்குள் இறங்கினால் ஏறாது. சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற ஆழமாகப் புதையும்.

எனவே களிப் பகுதியில் வண்டி நிற்க வேண்டிய இடம் கப்பிச் சாலையோ தார்ச்சாலையோதான். வயலிலிருந்து அதுவரை நெல்லைத் தலைச்சுமையிலோ டிராக்டர் டிரெய்லரிலோ கொண்டுவந்து சேர்ப்பதே சிக்கனம். கூடுதல் விலைக்கு டயர் வாங்குவதைவிட, வாய்க்கால் கரையோரம் வண்டி திரும்பும் இடத்தில் இரண்டு லோடு சரளை கொட்டுவது பயன் தரலாம்.

பத்து கிலோ மீட்டர் ஓட்டத்தில் ஒன்பது கிலோ மீட்டர் தார்ச்சாலை என்றால், நல்ல சாலை டயரோ, பின் அச்சில் மட்டும் இலேசான லக் டயரோ போதும். பாதி ஓட்டம் சரளையிலும் மண்பாதையிலும் என்றால் ஏ.டி. டயர் வாங்கலாம். எதை வாங்கினாலும் ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் ஒரே அளவு, ஒரே வகை டயர் இருக்க வேண்டும். ரேடியலையும் சாதா நைலான் டயரையும் கலக்கக் கூடாது.

அளவை மாற்றலாமா?

வண்டி உயரமாக நிற்க வேண்டும் என்று பெரிய அளவு டயர் போடுவோர் உண்டு. இது தேவையற்றது. திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் டயர் மட்கார்டில் உராயும். இழுவை குறைந்து கிளட்சுக்கு வேலை கூடும். டயரின் விட்டம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினால், வேகமானி 40 கிலோ மீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 42-இல் ஓடும். கம்பெனி குறித்துள்ள அளவிலேயே வாங்குவது நலம்.

காற்றே உயிர்

எத்தனை விலை உயர்ந்த டயரானாலும் காற்றுக் குறைவாக ஓடினால் கெட்டுவிடும். பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளிழைகள் பிரியும். பட்டனின் இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை என்று அறியலாம்.

வாரம் ஒரு முறை, காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு தந்த புத்தகத்திலோ கதவோரத்துத் தகட்டிலோ இருக்கும். பாரம் ஏற்றும்போது ஓர் அளவும், வெறும் வண்டிக்கு வேறு அளவும் தந்திருந்தால் அதன்படி செய்ய வேண்டும். கத்திரி வெயிலில் ஓடிச் சூடான டயரில் காற்று கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு இறக்கிவிடக் கூடாது. ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது.

வாங்கும்போது கவனிக்க

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

2. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நெடுநாள் கிடந்த டயரைப் புதியதன் விலைக்கு வாங்காதீர்கள்.

3. பழைய டயர் வாங்குவதானால் பட்டன் மட்டும் போதாது. வெடிப்பு, வீக்கம், ஒட்டுப் போட்ட இடம் உள்ளதா என்று உட்புறமும் தடவிப் பார்க்க வேண்டும். வயதான ரப்பர் ஓடாமலே இறுகிவிடும்.

4. ரீட்ரெட் செய்த டயரை முன் சக்கரத்தில் போடாதீர்கள்.

5. பில் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் கேட்கும்போது அது இல்லாமல் நடக்காது.

டயரின் குழிகளுக்குள் சிறு மேடுகள் வார்த்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மீதி ஆழம் 1.6 மில்லி மீட்டர்தான். மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. நம் மாவட்டத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தேய்ந்த டயர் நனைந்த சாலையில் வழுக்கும். ஆகவே புரட்டாசிக்குள் நான்கு டயர்களையும் ஸ்டெப்னியையும் சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டால், மழைக்காலமும் அதன் பின் வரும் சம்பா அறுவடையும் வண்டிக்குச் சிரமமின்றிக் கழியும்.