சொல்லே படைக்கலம்

நுழையும்முன்

அண்டை நாடுகளுக்கு எல்லை பொது. ஆறும் வழியும் பொது. அவற்றிடையே பகை மூண்டால் முதலில் பாழாவது உழவரின் விளைநிலமே. ஆதலால், படை செல்லுமுன் சொல் செல்லவேண்டும் என்பதைப் பண்டைத் தமிழர் உணர்ந்திருந்தனர். அதனை நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே அறிவோம்.

அண்டை அரசுகள்

இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, சங்ககாலத்தில் வல்வில் ஓரியின் நாடாகும். வடக்கே, இன்று தருமபுரி என வழங்கும் தகடூரில் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான். வடகிழக்கே, தென்பெண்ணைக் கரைத் திருக்கோவலூரில் மலையமான் திருமுடிக்காரி ஆண்டான். மேற்கே சேரர் வலிமை பெற்றிருந்தனர். ஓரி, அஞ்சி, காரி மூவரும் கடையெழு வள்ளல்களாகப் போற்றப்பட்டவர்கள். எனினும், இரவலர்க்கு வரையாது வழங்கிய இவர்கள் தமக்குள் நட்புப் பேணவில்லை.

ஔவையின் தூது

தொண்டைமானுக்கும் அஞ்சிக்கும் பகை முற்றியபோது, அஞ்சி தன் பெருமதிப்பிற்குரிய ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். தன் வலிமையைக் கண்டு அவர் அஞ்சவேண்டும் என்பது அவன் எண்ணம் போலும்.

ஔவையார் அஞ்சவுமில்லை, சினக்கவுமில்லை. அவனுடைய கருவிகள் நெய் பூசப்பெற்று, அணி செய்யப்பெற்று, காவல் மிக்க மனையில் புதியனவாய் விளங்குவதைப் புகழ்ந்தார். தம் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தியதால் சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல் பழித்தும், பழிப்பது போல் புகழ்ந்தும் அமைந்த இக்கூற்று புறநானூற்றின் 95ஆம் பாடலாக உள்ளது. அவையின் மதிப்புக் குன்றாமல் எச்சரிக்கை மட்டும் சென்று சேர்ந்தது. அதுவே தூதின் திறம்.

சொல் காத்த உயிர்கள்

புலவர்கள் பல அரசவைகளுக்கும் சென்று வந்தவர்கள்; ஆகவே, அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்தது. மலையமானின் மக்களை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் முற்பட்டான். அப்போது கோவூர்கிழார் பாடி அவர்களை உய்வித்தார். திருவள்ளுவரும் தூதுவரின் இயல்பை விளக்கப் பொருட்பாலில் ஓர் அதிகாரம் வகுத்தார்.

சொல் ஓய்ந்த இடம்

காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்கு அளித்தான். பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். ஒருவரோடு ஒருவர் பொருத சிற்றரசர்களின் நாடுகள் இவ்வாறு பேரரசின் கைப்பட்டன. தூதுவர் எத்துணைத் திறமுடையவராயினும், அரசர்க்கு அமைதியில் விருப்பம் இல்லையெனில் நாடு நிலைக்காது.

விருப்பம் இருந்தால் எல்லையில் நிற்கும் படையும் திரும்பும் என்பதற்கு ஐரோப்பாவின் வடபகுதி சான்றாகிறது. 1814 முதல் ஒரே மன்னரின்கீழ் இணைந்திருந்த நார்வேயும் சுவீடனும் 1905ஆம் ஆண்டு பிரிந்தன. இரு நாட்டுப் படைகளும் எல்லையில் திரண்டிருந்தன. எனினும், இரு தரப்புப் பேராளர்களும் சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் கூடிப் பேசினர். எல்லைக் கோட்டைகள் சிலவற்றை அகற்றவும், படையற்ற நடுநிலைப் பகுதி அமைக்கவும் உடன்பட்டனர். போரின்றிப் பிரிந்த அவ்விரு நாடுகளும் இன்றும் நட்புடன் வாழ்கின்றன.

வெற்றி பெற்ற வேலும் ஒருநாள் உலைக்களம் சேரும். காலத்தில் சொல்லப்பட்ட நற்சொல்லோ அடுத்த தலைமுறையின் விளைநிலத்தையும் காக்கும்.

தெரிந்து தெளிவோம்

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சேர, சோழ, பாண்டியரோடு சத்தியபுத்திரரையும் அண்டை நாட்டவராகக் குறிப்பிடுகிறது. அந்நாடுகளில் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதையும் கூறுகிறது. சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதை, 1981இல் திருக்கோவலூருக்கு அருகில் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழிக் கல்வெட்டு உறுதிப்படுத்தியது.

கற்பவை கற்றபின்

ஆற்றுநீரைப் பகிர்வதில் முரண்பட்ட இரண்டு ஊர்களுக்கிடையே நீங்கள் தூது செல்வதாகக் கொண்டு, எதிர்த்தரப்பின் அவையில் பேசுவதற்கான உரையை எழுதுக.