நகராத மவுஸ், மறைந்து போன ஐகான்கள்: என்ன செய்யலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை இரண்டு பிரச்னைகள் அதிகம் பயமுறுத்தும். ஒன்று, மவுஸ் திடீரென நின்று போவது. மற்றொன்று, டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான்கள் எல்லாம் காணாமல் போவது. உடனே யாராவது "பார்மட் செய்து விடலாம்" என்பார்கள். சற்றுப் பொறுங்கள். பார்மட் செய்தால் பிள்ளைகளின் போட்டோக்கள் உட்பட அந்த டிரைவில் உள்ள எல்லாம் அழிந்து விடும். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. கீழே தரப்பட்டுள்ள வழிகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் செயல்படும்.

மவுஸ் நகரவில்லையா?

1. முதலில் கீபோர்டில் நம் லாக் கீயை அழுத்திப் பாருங்கள். அதற்குரிய விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் இயங்குகிறது, கோளாறு மவுஸில்தான். விளக்கு மாறவில்லை என்றால் கம்ப்யூட்டரே உறைந்து நிற்கலாம்.

2. யு.எஸ்.பி. மவுஸ் என்றால் அதைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகுங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் பச்சை நிற வட்ட வடிவ பிளக் இருக்கும். இதைக் கம்ப்யூட்டரை நிறுத்திய பின்னரே கழற்ற வேண்டும்.

3. வயர் இல்லாத மவுஸ் என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அடியில் உள்ள சுவிட்ச் ஆன் நிலையில் உள்ளதா எனக் கவனியுங்கள்.

4. அம்புக்குறி தாவித் தாவிச் செல்கிறதா? மவுஸைக் கண்ணாடி மேஜை மீது வைத்திருக்கலாம். இந்த மவுஸ் தனக்குக் கீழே உள்ள பரப்பைத் தொடர்ந்து படம் பிடித்துத்தான் நகர்வை அறிகிறது. கண்ணாடியிலும் பளபளப்பான பரப்பிலும் இது தடுமாறும். ஒரு வெள்ளைத்தாளை வைத்து அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். அடியில் உள்ள துளையில் தூசு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள்.

மவுஸ் இல்லாமலும் வேலையைத் தொடரலாம். இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லாக் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சிறிய விண்டோ தோன்றும். அதில் என்டர் தட்டினால் மவுஸ் கீஸ் வசதி இயங்கும். இப்போது கீபோர்டின் வலதுபுறம் உள்ள எண் கீகளில் 8, 2, 4, 6 ஆகியவை அம்புக்குறியை மேல், கீழ், இடம், வலம் என நகர்த்தும். 5 என்பது கிளிக். எண் கீகள் தனியே இல்லாத லேப்டாப்பில் இது பயன்படாது. அதில் டச்பேட் இருக்கிறது.

ஐகான்களைக் காணோமா?

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் வியூ என்பதில் ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அதன் எதிரே டிக் அடையாளம் இல்லை என்றால் அதில் கிளிக் செய்திடவும். ஐகான்கள் திரும்ப வந்துவிடும். அவை அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான்.

ஐகான்களுடன் டாஸ்க்பாரும் மறைந்து விட்டதா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுக்கவும். ஐகான்கள் வெள்ளைத்தாள் போலத் தெரிந்தாலும் முதலில் இதையே செய்து பாருங்கள்.

ஐகான்கள் திடீரெனப் பெரிதாகி விட்டால், கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிச் சரி செய்யலாம்.

கவனம் தேவை

ஐகான்கள் மட்டுமின்றி வால்பேப்பரும் மாறி, கம்ப்யூட்டர் புதிது போலத் தோன்றுகிறதா? விண்டோஸ் உங்களைத் தற்காலிகப் புரொபைலில் திறந்திருக்கலாம். திரையில் அப்படி ஒரு செய்தியும் வரும். அந்த நிலையில் எந்தக் கடிதத்தையும் படத்தையும் டெஸ்க்டாப்பில் சேவ் செய்யாதீர்கள். சைன் அவுட் செய்ததும் அவை போய்விடும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். உங்கள் பழைய பைல்கள் பொதுவாக சி டிரைவில் யூசர்ஸ் போல்டருக்குள், உங்கள் பெயரில் உள்ள போல்டரில் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. இடது கீழ் மூலையில் சிறிய அம்புக்குறி உள்ள ஐகான் வெறும் ஷார்ட்கட். அதை அழித்தாலும் புரோகிராமுக்கு ஒன்றும் ஆகாது. அம்புக்குறி இல்லாத பைலோ போல்டரோ என்றால் அதுதான் அசல். அதை அழிக்கும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். தவறிப்போய் அழித்துவிட்டால் ரீசைக்கிள் பின்னைத் திறந்து, பைல் மீது ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுத்து மீட்கலாம்.

இவற்றையெல்லாம் செய்து பார்த்தும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். அவர் கை வைக்கும் முன் முக்கியமான பைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து எடுத்து வைத்துவிடுங்கள்.