அங்கத்தினர் கல்வி: கொடுமைக்குள்ளான மனைவிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

தறியும் நிலமும் கணவன் மனைவி இருவரது உழைப்பாலும் நடப்பவை. தார் சுற்றுவதிலும், பாவுக்குக் கஞ்சி போடுவதிலும், நாற்று நடுவதிலும், களை எடுப்பதிலும் பெண்ணின் கை படாத வேலையில்லை. ஆயினும், அடி உதை பொறுக்காமல் அவள் வெளியேறினால், ‘படி தாண்டிப் போனவளுக்கு இனி என்ன உரிமை?’ என்று பேசுவதை நாம் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் கேட்டிருக்கிறோம். இவ்வெண்ணம் தவறானது. வீட்டை விட்டு வெளியேறுவதால் மனைவியின் உரிமைகள் அற்றுப்போவதில்லை என்பதே இம்மாதப் பாடம்.

1. பாதுகாப்பும் இருப்பிடமும்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. அது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். அடிப்பது மட்டுமன்று, இழிசொல்லால் வதைப்பதும், செலவுக்குக் கொடாமல் வாட்டுவதும், அவளது நகைகளை விற்றுவிடுவதும், அவள் பயன்படுத்த உரிமையுள்ள சாதனங்களை அணுகவொட்டாமல் தடுப்பதும் வன்முறையே ஆகும். தறியை நம்பிப் பிழைப்பவளை அத்தறியின் பக்கம் வரவிடாமல் துரத்துவதை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம்.

இச்சட்டப்படி மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு, வசிப்பிட உத்தரவு, பண உதவி, நஷ்ட ஈடு ஆகியவற்றை வழங்கலாம். குழந்தைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்புவிக்கலாம். தம்பதிகள் குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருப்பினும், அதில் வசிக்கும் உரிமையை மனைவி கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு உத்தரவை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும்.

செல்லூரில் வாழ்க்கைப்பட்ட பெண் மேலூரில் தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும், மேலூர் நீதிமன்றத்திலேயே மனுச் செய்துகொள்ளலாம். சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை நடைபெற வேண்டும் என்பது விதி.

2. ஜீவனாம்சம்

2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம். முன்னர் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது. தக்க காரணமின்றிக் கணவனோடு வாழ மறுப்பவளுக்கு இது கிட்டாது என்பது மெய்யே. ஆனால் கொடுமை தக்க காரணமாகும். மனுச் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியுள்ளது. ஆகவே, தாமதம் நஷ்டமே தரும்.

3. மணவிலக்கும் வழக்கும்

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை முதலில் நீதிமன்றப் பிரிவினைக்கு மட்டுமே காரணமாயிருந்தது. 1976இல் செய்த திருத்தத்தால் மணவிலக்குக்கும் காரணமாயிற்று. மணமாகி ஓராண்டு ஆகாவிடில், அசாதாரணமான துன்பம் இருந்தாலன்றி மணவிலக்கு கோர இயலாது. பாதுகாப்பு உத்தரவுக்கோ ஜீவனாம்சத்துக்கோ இத்தடை இல்லை. அவற்றைப் பெற மணவிலக்கு கோரவேண்டிய அவசியமும் இல்லை. கொடுமை செய்யும் கணவனையும் அவனைச் சார்ந்த உறவினரையும் பாரதீய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையிலிட வழியுண்டு.

4. செலவுக்கு வழி

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவச வக்கீலுக்கு உரியவர்கள். மதுரையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 181 என்ற தொலைபேசி எண்ணும் உதவும். மாவட்டச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் மனு எழுதித் தருவதில் துணைபுரிவார்.

5. சங்கத்தின் கடமை

பெண் அங்கத்தினரின் பங்குத் தொகையும் சேமிப்பும் அவளுடையனவே. அவளது பாஸ் புத்தகத்தையோ கூலியையோ, அவள் எழுதிக் கொடுத்தாலன்றி, கணவனிடம் ஒப்படைத்தல் கூடாது. அண்டைவீட்டார் உட்பட எவரும் வன்முறையைப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர் மீது சிவில் பொறுப்போ குற்றப் பொறுப்போ சாராது. ‘பிறர் குடும்ப விவகாரம்’ என்று ஒதுங்குவோர் இதனைச் சிந்திப்பார்களாக. ஒருவருக்காக எல்லோரும், எல்லோருக்காக ஒருவர் என்னும் கூட்டுறவுக் கொள்கை தறிக்கும் வயலுக்கும் மட்டும் உரியதன்று.

பயிற்சி வினாக்கள்

அ. வீடு மாமனார் பெயரில் உள்ளதெனில் மனைவி என்ன கோரலாம்?

ஆ. தாய்வீட்டில் இருப்பவள் எந்த நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்?

இ. நம் சங்கத்தில் பெண் அங்கத்தினரின் கூலி யார் கையில் சேருகிறது? அடுத்த கூட்டத்தில் விசாரித்தறிக.